கைப்படா வேட்டை

கொழும்பு பார்க்க வருதல் என்பது ஒரு காலத்தில் முறைமை தவறாத காரியமாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவுப் புகைவண்டியில் வந்திறங்கும் குடும்பம், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள உறவினர் வீட்டிலே குளித்து உண்டு களைப்பாறியபின், காலையில் நூதனசாலை, நண்பகலுக்குப்பின் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, அந்தி மயங்கும் நேரத்திற் காலிமுகத்திடலிலே கடற்காற்று என்று ஒரே நாளிலே தலைநகரைப் பார்த்து முடித்துவிடும். யானைகளின் ஆட்டத்துக்குக் கைதட்டிய பிள்ளைகள் திரும்பும் வழியிற் பஸ்ஸிலேயே உறங்கிப்போவார்கள். ஊருக்குப் போய்ச் சொல்வதற்கு அதுவே போதியதாக இருந்தது.

இப்பொழுது வேறொரு வகை வந்திருக்கின்றது. ஒரு குடும்பத்துக்கென்றே ஒரு வண்டி, ஒரு சாரதி, ஒரு வழிகாட்டி. காலை முதல் மாலை வரை வேறெவரும் அவ்வண்டியில் ஏறுவதில்லை. நகருக்குள்ளேயே வாழும் காட்டுயிர்களைக் காட்டுவது வழிகாட்டியின் வேலையிற் பாதி. கையிலே ஒரு பட்டியலைக் கொடுத்து, அதிற் கண்டவற்றை நகரெங்கும் தேடிக் கண்டுபிடிக்கச் செய்வது மற்றப் பாதி. ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று கணக்குண்டு. மாலையிலே கூட்டிப் பார்த்து வென்றவர் யார், தோற்றவர் யார் என்று சொல்வார்கள்.

இதற்குக் கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பயன் உண்டா என்று தாய்மார் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. உண்டு என்போம். ஆனால் அப்பயன் வண்டியின் குளிரூட்டியைப் பொறுத்ததன்று. நடுப்பகலில் அவர்கள் தரும் போசனத்தைப் பொறுத்ததுமன்று. பட்டியலில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைப் பொறுத்தது. ஆகவே இவ்வாரம் அப்பட்டியலைப் பற்றியே பேச நினைக்கின்றோம்.

பட்டியலை வைத்துத் தேடும் இவ்விளையாட்டு, மேனாட்டுச் செல்வர் வீட்டு விருந்துகளிற் பிரசித்தி பெற்றது. விருந்து நடத்துவதிலேயே பேரெடுத்த எல்சா மக்ஸ்வெல் என்னும் அமெரிக்க மாது 1920களிலும் 1930களிலும் இதனைப் பெரிதும் பரப்பினார். விருந்தினர் குழுக்களாகப் பிரிந்து, கிடைத்தற்கரிய பொருள்களை இரவோடிரவாக நகரிலே தேடிக் கொண்டுவர வேண்டும். 1936இல் வெளிவந்த 'மை மான் கொட்பிறி' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். அங்கே பட்டியலில் உள்ள உருப்படிகளுள் ஒன்று, உலகத்தாராற் கைவிடப்பட்ட ஒரு மனிதன்! பொருளாதார மந்தத்தில் யாவற்றையும் இழந்து ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் வாழும் ஒருவனைத் தேடிச் செல்வச் சீமாட்டிகள் வருகின்றனர். அவன் பெரிய விடுதியொன்றின் மண்டபத்தில் எல்லோர்க்கும் காட்டப்படுகின்றான். தன்னை அழைத்துவந்தவளுக்கு வெற்றி தேடிக்கொடுக்கின்றான். பார்ப்பவர் சிரிக்கின்றனர், சிரித்தபின் சற்றே கூசுகின்றனர். உயிருள்ள ஒன்றை ஓர் உருப்படியாக எழுதும்போது நேர்வது இதுதான்.

இதற்கு மாறான கதையும் அந்நாட்டிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நத்தார்க் காலத்தில் ஆடவர் இரு கட்சியாகப் பிரிந்து துப்பாக்கிகளோடு புறப்பட்டு, கண்ணிற்பட்ட பறவையையும் விலங்கையும் சுட்டுக் குவிப்பது ஒரு வழக்கமாக இருந்தது. எவர் குவியல் பெரிதோ அவர் வென்றவர். 1900ஆம் ஆண்டு நத்தாரின்போது பிராங் சப்மன் என்னும் பறவையியல் அறிஞர் ஒரு யோசனை கூறினார்: சுடுவதை விட்டு எண்ணுங்கள் என்பதே அது. அன்று 27 பேர் 25 இடங்களிலே பறவைகளை எண்ணி எழுதினர். அவர்கள் தொடங்கிய வழக்கம் இன்றுவரை அறாது தொடர்கின்றது. போட்டியும் போகவில்லை, பட்டியலும் போகவில்லை. துப்பாக்கி மாத்திரம் போயிற்று.

நமது தெகிவளையின் பழைய கதையையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய வியாபாரி, பிறநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்கென விலங்குகளைத் தங்கவைத்த இடம் அது. 1936இலே அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றுக்கொண்டது. மிருகக்காட்சிச்சாலை என்று நாம் அழைப்பதன் ஆதியிலே ஒரு பண்டகசாலை இருந்திருக்கின்றது.

இனி, நாம் கண்ட ஒரு நாளைச் சொல்லுவோம். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நம் உறவினர் குடும்பமொன்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. தாய், தந்தை, பன்னிரண்டு வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண். பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும். பேசப் புகுந்தாற் சொற்கள் நடுவழியில் நின்றுவிடும். அவர்களைக் காணக் கரவெட்டியிலிருந்து அம்மம்மாவும் வந்திருந்தார். 1960களின் நடுப்பகுதியில் மணமாகிக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிற் குடியிருந்து, 1983 ஆடியில் உடுத்த சேலையோடு கப்பலேறி ஊர் சேர்ந்தவர் அவர். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் இருந்தும், "சாப்பிட்டியளோ?" என்ற கேள்விக்கும் "ஓம்" என்ற மறுமொழிக்கும் அப்பால் உரையாடல் நகரவில்லை.

தந்தையார் ஒரு நாட் சுற்றுலாவுக்கு ஒழுங்கு செய்து நம்மையும் உடனழைத்தார். பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, இருபத்தைந்து உருப்படிகள். வழிகாட்டியான இளைஞர் வாசிக்க, நாம் தமிழிற் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, "உதுகள் என்ன கேள்வி? நான் நொடி போடுறன், பிள்ளையள் அவிழ்க்கட்டும்" என்றார். வழிகாட்டி நல்ல மனிதர்; நொடிக்கும் ஐந்து புள்ளி என்று உடனே ஒப்புக்கொண்டார். பையனும் தந்தையும் ஒரு கட்சி, பெண்ணும் தாயும் மற்றக் கட்சி, நொடி போடுபவர் அம்மம்மா, நடுவர் நாம்.

வெயில் ஏறுமுன்பே கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவை அடைந்தோம். சதுப்பின்மேற் பலகைகளால் அமைத்த நடைபாதையிலே, ஒருவர்பின் ஒருவராக ஓசையின்றி நடக்க வேண்டும். கொழும்பு மாநகர் 2018 ஒக்டோபரில் ரம்சார் உடன்படிக்கையின்கீழ் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்றதை நேயர்கள் அறிவர். உலகிலே முதன்முதலாக அவ்வங்கீகாரம் பெற்ற பதினெட்டு நகரங்களுள் இதுவும் ஒன்று. பெருமைக்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை. அடைமழை நீரைத் தாங்கிக்கொள்ளும் பாத்திரம் இச்சதுப்புகள்தாம். மண்கொட்டி இவற்றை நிரவி வீடு கட்டக் கட்ட, நீர் வேறிடம் தேடிப் போகின்றது. 2010 நவம்பரில் அது பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. சட்டம் இயற்றுவோரிடம் நேரிற் சென்று முறையிட்டதுபோலும்!

நீலத்தாழைக்கோழிகள் நாணற் புதரினின்று வெளிப்பட்டு, சேற்றிலே நெடுவிரல் ஊன்றி நடந்தன. இலைமேல் நடக்கும் இலைக்கோழியைப் பெண்பிள்ளை முதலிற் கண்டுபிடித்துப் பத்துப் புள்ளி பெற்றாள். அப்போது அம்மம்மா தம் முதல் நொடியைப் போட்டார்: "பேரிலே கொய்யா உண்டு, பழமில்லை, தண்ணிக்குள்ளை நீந்தும், தரையிலை நடக்கும்." பிள்ளைகள் விழித்தார்கள். மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். விடை அவர்கள் காலடியிலேயே வந்து சேர்ந்தது. ஆறடி நீளமான கபரகொய்யா ஒன்று, பாதை தன்னுடையது என்ற எண்ணத்தோடு, அவசரமின்றிக் குறுக்கே போயிற்று. பெண் வீரிட்டுத் தாயைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மம்மா, இது... கடிக்குமா?"

"நீ உன்ரை பாட்டிலை நிண்டால் அது தன்ரை பாட்டிலை போகும் பிள்ளை. உதுதான் கபரகொய்யா."

"கொய்யா!" என்று கூவினான் பையன். நொடி அவிழ்ந்தது. அச்சொல்லை அவன் அன்றைக்கு முப்பது முறையாவது சொல்லியிருப்பான்.

பட்டியலில் நம் மனத்துக்கு மிகவும் பிடித்த உருப்படியும் அங்கேதான் இருந்தது. 'மீன்பிடிப் பூனையின் காலடித் தடத்தைக் காண்க' என்பது அது. பூனையைக் காண்க என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்களத்தில் 'ஹந்துன் திவியா' எனப்படும் இவ்விலங்கு வீட்டுப் பூனையினும் இரு மடங்கு பெரிது, நீருக்குள் இறங்கி மீன் பிடிப்பது, இரவிலே திரிவது. தலைநகரின் கால்வாய்களையும் சதுப்புகளையும் வழியாகக் கொண்டு இன்றும் வாழ்கின்றது. வீட்டுத் தடாகத்து அலங்கார மீன்கள் இரவிரவாகக் குறைவதைக் கண்டு, அயலவரைச் சந்தேகித்துப் படக்கருவி பொருத்தியவர்கள், கள்வன் இப்பூனையே என்று கண்டறிந்ததும் உண்டு. பையன் கால்மணி நேரம் குனிந்து சேற்றைப் பார்த்தான். வட்டமாக, நகம் லேசாகப் பதிந்த ஒரு தடத்தை வழிகாட்டி ஆராய்ந்து, இதுவே என்றார். இல்லாத பூனையை அத்தனை பேரும் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கிருந்து வெள்ளவத்தைக்கு உணவருந்தச் சென்றோம். வழியிலே அம்மம்மா சாரதியை ஒரு குறுந்தெருவின் முகப்பில் நிறுத்தச் சொன்னார். "மூன்று வீடு தள்ளி, மதிலுக்கு மேலாலை தலை நீட்டுறவன், ஆடியிலை காய் தருவான். ஆர் அவன்?" என்றார். மாமரம் என்பதைப் பையன் வண்டிக்குள்ளேயே சொல்லிவிட்டான். இறங்கிப்போய்த் தேடினார்கள். மூன்றாவது வளவிலே ஒன்பது மாடிக் கட்டடம் நின்றது, மரமில்லை, மதிலுமில்லை. திரும்பி வந்த பெண்பிள்ளை, "அம்மம்மா, அது உங்கட வீடா?" என்று கேட்டாள். "ஓம்" என்றார் அவர். இம்முறை "ஓம்" என்பதோடு உரையாடல் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சோறு ஆறும்வரை அவ்வீட்டின் கதையைப் பிள்ளைகள் கேட்டார்கள். அடுக்களை எங்கே இருந்தது, மரத்திலே யார் ஏறுவது, ஏன் போனீர்கள், அந்த இரவில் எங்கே ஒளித்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். சிலவற்றுக்குத் தாய்க்குமே அன்றுதான் விடை தெரிந்தது. இல்லாத மரத்தைக் கண்டுபிடித்ததற்குப் புள்ளி உண்டா என்று பையன் நடுவரைக் கேட்டான். இரு கட்சிக்கும் ஐந்தைந்து கொடுத்தோம்.

நண்பகலுக்குப்பின் நகரின் பழம்பகுதி. 'ஓநாய் இல்லாத தீவிலே ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்பது பட்டியலில் உள்ள கேள்வி. அது வொல்வெண்டால். ஒல்லாந்தர் இங்கு வந்த காலத்தில் அச்சதுப்பு நிலத்தில் ஊளையிட்டுத் திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று கருதிச் சூட்டிய பெயர் என்பர். 1749இலே தொடங்கி 1757இலே திறக்கப்பட்ட அவர்களது தேவாலயம் இன்றும் அங்கே தடித்த சுவர்களோடு நிற்கின்றது, நரிகள் இல்லை. கொம்பனித்தெருவுக்கும் இவ்வாறு ஒரு விலங்குக் கதை உண்டு. ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பொருள்படும் பெயரால் வழங்கிய அவ்விடத்தில் ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவிலே அடைத்து வைத்தனர். சூழ்ந்திருந்த வாவியின் முதலைகளே காவல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நகரத்து விலங்குகளைத் தேடுபவர்கள் பெயர்ப்பலகைகளையும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதனைக் குறிப்பிட்டோம்.

அம்மம்மாவின் அடுத்த நொடி: "முந்தி கடலுக்கு வெளிச்சம் காட்டினவன், இப்ப கரைக்கு நேரம் மட்டும் காட்டுறான்." வெளிச்சவீடு என்பது விளங்கிற்று. ஆனால் காலிமுகத்திடலிலிருந்து தந்தையார் சுட்டிக்காட்டிய வெளிச்சவீட்டில் மணிக்கூடு இல்லை. இரு கட்சியும் திகைத்து நிற்கும்போதுதான் அன்றைய தினத்தின் இக்கட்டு வந்தது.

கடலோரத்திலே ஒருவர் கூடையோடும், சட்டை அணிந்த ஒரு சிறு குரங்கோடும் குந்தியிருந்தார். பட்டியலின் பதினேழாவது உருப்படி, 'உயிருள்ள பிராணியொன்றைத் தோளிலோ கையிலோ ஏந்திப் படம் எடுத்துக்கொள்க: இருபது புள்ளி' என்றிருந்தது. இதுவே பட்டியலிற் பெரிய புள்ளி. பையன் ஓடினான். கூடையின் மூடி பாதி திறந்தபோது, உள்ளே சுருண்டு கிடந்த வெங்கிணாந்தியைக் கண்டோம். மலைப்பாம்பு என்று நூல்களில் எழுதுவதும் அதனையே. மதியம் திரும்பிய வெயில், கல்லெல்லாம் கொதித்தது. பாம்பினத்துக்குத் தன் உடலின் வெப்பத்தைத் தானே குறைக்கும் வசதி இல்லை. நிழலைத் தேடி ஊர்ந்து போவதொன்றே அதற்குள்ள வழி. கூடைக்குள் ஊர்ந்து போக இடமேது?

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை நடுவர் என்ற முறையில் நாம் சொல்லலாம்: 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மலைப்பாம்பைப் பாதுகாக்கப்பட்ட உயிராக வைத்திருக்கின்றன. ஆனால் அவ்விடத்திற் சட்டம் பேசினாற் பையன் கேட்டிருப்பானோ? கூடைக்காரர்தாம் என்ன செய்வார்? பாம்பாட்டுதலைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டு, தெலுங்கைத் தாய்மொழியாகப் பேசி, ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்த அகிகுண்டகர் என்னும் மக்கள் இத்தீவில் உண்டு. பிறர் ஒரு கண்ணாற் பார்த்து மறு கண்ணால் ஒதுக்கும் கூட்டத்தார். இருபது புள்ளி என்று அச்சடித்தவர் குளிரூட்டிய அறையில் இருக்க, வெயிலில் நிற்பவர்மேற் குற்றத்தைச் சுமத்த நமக்கு மனம் வரவில்லை.

அம்மம்மா முன்சென்றார். "தம்பி, மூடியைத் திறக்க வேண்டாம். படத்துக்கு எவ்வளவு வாங்குவீர்?"

"ஐந்நூறு, அம்மா." தமிழ் அவருக்கு நன்றாக வந்தது.

அவர் ஐந்நூறு ரூபாவை எடுத்து நீட்டினார். "இது படத்துக்கில்லை. ஒரு நொடிக்கு விடை சொல்லும்" என்று வெளிச்சவீட்டு நொடியைச் சொன்னார். கூடைக்காரர் சிரித்துவிட்டார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "மணிக்கூட்டுக் கோபுரம் அம்மா. சதாம் வீதி முனையிலே நிக்குது. முந்தி அதுதான் லைற் ஹவுஸ்" என்று கோட்டைப் பக்கம் கைகாட்டினார். கூடையை இழுத்து நிழலிலே வைத்துவிட்டு, அக்கோபுரத்தைப் பற்றித் தம் தகப்பனார் சொன்னதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

விடை சரியே. 1857இலே மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டப்பட்டு, 1867இலே உச்சியில் விளக்கும் ஏற்றப்பட்டு, சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் ஒளியை மறைத்தமையால் 1952இலே விளக்கணைந்த கோபுரம் அது. அதன் அமைப்பை வரைந்தவர் அந்நாளைத் தேசாதிபதி வார்ட் துரையின் மனைவியார் என்பதைப் பெண்பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பையனுக்கோ ஆற்றாமை. "அம்மம்மா, இருபது புள்ளி போச்சு!" என்றான். "போகட்டும் ராசா" என்றார் அவர். அதற்குமேல் விளக்கம் கொடுக்கவில்லை. அவன் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். வழிகாட்டி பேனாவை எடுத்துப் பதினேழாவது உருப்படியைக் கோடிட்டு வெட்டினார். வருபவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதற்காகவே அதனைச் சேர்த்ததாகவும், தமக்கும் அது ஒப்பில்லை என்றும் நம்மிடம் தனியாகச் சொன்னார். அப்படி விரும்பிக் கேட்பவர்கள் நம்மவர்தாம் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

நூதனசாலையை அடைந்தபோது அது பூட்டுவதற்கு அதிக நேரம் இருக்கவில்லை. 1877இலே கிரெகரி தேசாதிபதி திறந்துவைத்த கட்டடம். அதனைக் கட்டிமுடித்த வாப்பிச்சி மரைக்காரிடம் என்ன கைம்மாறு வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதனைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டாராம். அவ்வண்ணமே நெடுங்காலம் வெள்ளிதோறும் அது பூட்டியிருந்தது. அதன்மேல் அம்மம்மா போட்ட நொடியைப் பெண்பிள்ளை வாயிற்காவலரிடம் விசாரித்து அவிழ்த்தாள். மிருகங்களை உறையிலிட்டு வைத்திருக்கும் பகுதிக்கு நேரமில்லாமற் போயிற்று, வருந்தவில்லை.

அயலிலேயே விகாரமகாதேவி பூங்கா. அங்கே பகலெல்லாம் உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புப் பொட்டலங்கள்போலத் தொங்கும். இறக்கை விரித்தால் நான்கடியைத் தொடும் பெரிய உயிர். பழத்தைத் தின்று விதையைத் தொலைவிலே போட்டு மரம் நடுவது. பட்டியலின் கடைசி உருப்படி: 'ஒரு மரத்திலுள்ள வௌவால்களை எண்ணுக.' முகம் திருப்பியிருந்த பையன் முதலில் அசட்டையாக எண்ணினான். தங்கை சொன்ன தொகைக்கும் அவன் தொகைக்கும் இருபது வேறுபாடு. திரும்பவும் எண்ணினார்கள். அதற்குள் இரண்டு இடம் மாறிவிட்டன. கிளையைப் பகுத்து, நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் என்று கட்சியை மறந்து எண்ணினார்கள். தந்தையார் எண்ணினார், சாரதியும் இறங்கிவந்து எண்ணினார், அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துவரவேயில்லை. முக்கால் மணி நேரம் சென்றது. பின்னர் ஒளி மங்க, ஒன்று இரண்டாகப் புறப்பட்டு, வானம் நிறைய, அவை கிழக்கு நோக்கிப் போயின. எண்ணுவதை விட்டுவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புள்ளிக் கணக்கிலே பெண்பிள்ளையின் கட்சி வென்றது. அறிவிக்கும்போது அதனைக் கேட்பார் இல்லை.

இத்தகைய சுற்றுலாவுக்கு ஒழுங்கு செய்யும் பெற்றோர், பணம் கட்டுமுன் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராக. 'கொண்டுவருக', 'ஏந்துக', 'ஊட்டுக' என்ற வினைகள் உயிருள்ளவற்றோடு சேர்ந்து வந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள். 'காண்க', 'கேட்க', 'எண்ணுக' என்பவை இருக்கட்டும். வாவிப் பறவைகளுக்குப் பாண் துண்டு போடுவதும் ஊட்டுதலேயாம். அது அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. இருபத்தைந்து உருப்படி பெரும் தொகை, பன்னிரண்டு போதும். காலை ஏழு மணிக்குப் பிந்தினாற் சதுப்பிலே வெயிலைத்தான் காணலாம். உருப்படிகளுட் பாதியை வீட்டுப் பெரியவரைக் கொண்டே ஆக்குவியுங்கள். எந்தத் தாபனத்திலும் விலைக்குக் கிடையாத பகுதி அதுவே.

வண்டி பிடிக்க வசதியில்லாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. நூதனசாலையும் பூங்காவும் அடுத்தடுத்து இருப்பவை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு போத்தல் தண்ணீர், பஸ்ஸுக்குக் காசு ஆகியவற்றோடு பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் பாதி வேட்டை முடிந்துவிடும்.

அம்மம்மாவின் நொடிகளுள் ஒன்றைப் பிள்ளைகள் இன்னும் அவிழ்க்கவில்லை. பேரை வாவிப் பக்கத்தாலே வண்டி விரைந்து போனபோது சொன்னது அது. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியிற் கேட்டும் அவர் விடை சொல்ல மறுத்துவிட்டாராம். நமது சிறு நேயர்கள் முயன்று பார்க்கட்டும். விடை அடுத்த ஞாயிறு:

"வாயோடை பை வைச்சிருப்பான், கடைக்குப் போகான்; வாவிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவான். ஆர் அவன்?"